சிவப்பே இல்லாத போர்வையில் சிவப்புத் தண்ணீர்

மூன்றாவது தண்ணீர் சிவந்தது.

முதல் தண்ணீர் காப்பி நிறம். அது எதிர்பார்த்ததுதான். இரண்டாவது டீ நிறம். மூன்றாவது தெளிந்துவிடும் என்று மொட்டை மாடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பிளாஸ்டிக் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெளியவில்லை. ஓரத்திலிருந்து மெதுவாக, யாரோ ரோஸ்மில்க்கைச் சொட்டுச் சொட்டாக விடுவதுபோல ஒரு நிறம் கிளம்பிப் பரவியது.

முதலில் என் கைகளைத் திருப்பிப் பார்த்தேன். வெட்டுக் காயம் எதுவும் இல்லை. சந்தேகத்துக்குக் கால்களையும் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம்தான் போர்வையைப் பார்த்தேன். துண்டு துண்டாக ஒட்டுப்போட்டுத் தைத்த பழைய போர்வை. வெள்ளை, வெளிறிய நீலம், சாம்பல், கொத்தமல்லி வாடினால் வரும் பச்சை. இரண்டு பக்கமும் தேடினேன். சிவப்புத் துண்டு ஒன்றுகூட இல்லை. தைத்த நூலும் வெள்ளை.

"ஸ்டெல்லா" என்று மாடியிலிருந்து கூப்பிட்டேன். ஸ்டெல்லா என் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கூப்பிட்டால் உடனே வரமாட்டாள், முதலில் விவரம் கேட்பாள்.

"இன்னா?"

"தண்ணி சிவப்பா வருது."

"போர்வையில சிவப்பு இல்லியே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

பிறகு படியில் செருப்புச் சத்தம், சாதாரண வேகத்தைவிட வேகமாக.

தோல்காரனின் தலைக்கனம்

இந்தப் போர்வை என் கைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் வந்த என் ஸ்கூட்டர் புராணத்தைப் படித்துவிட்டு, "நீங்கள் எதையாவது உருப்படியாகச் செய்திருக்கிறீர்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்கான பதில் இதிலும் கிடைக்காது.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், ஃபினிஷிங் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். வேலூரிலிருந்து தினமும் போய்வந்தேன். ஃபினிஷிங் என்றால் கடைசி வேலை. ஊறவைத்து, பதனிட்டு, சாயம் ஏற்றிக் காய்ந்து வரும் தோலுக்குப் பவுடர் போட்டு, பொட்டு வைத்து, பளபளப்பாக்கிப் பெண் பார்க்க அனுப்புகிற இடம். அந்த வேலையில் இருந்தவனுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் இது இன்னும் கொஞ்சம் மினுங்கலாமே என்று தோன்றும். கண்ணாடியில் என்னைப் பார்க்கும்போது மட்டும் தோன்றுவதில்லை. சில சரக்குகளுக்கு ஃபினிஷிங் ஏறாது.

ரோஸ்லின் அக்கா போன் செய்தது, மழை விட்டுப் பனி தொடங்காத ஒரு மாதத்தில். அக்கா என்றால் ஸ்டெல்லாவின் அக்கா. அரக்கோணத்தில் இருக்கிறார். கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, நம்ம பிரின்சிக்கு நாள் நெருங்குது" என்றார். பிரின்சி அவருடைய மகள். வேலூரில்தான் புருஷனோடு இருக்கிறாள். ஆறு வருஷம் காத்திருந்து வரும் குழந்தை. "பாப்பா வந்ததும் அந்தப் போர்வையிலதான் போடணும். ஆனா பெட்டியில கெடந்து ஒரு மாதிரி நாறுது. அப்பிடியே போட்டா பிரின்சி என்னயே ஆஸ்பத்திரியில சேத்துடுவா. லாண்டிரிக்காரன் முழுசா திரும்பி வரும்னு சொல்ல முடியாதுங்கறான். நீங்க கெமிக்கல் எல்லாம் தெரிஞ்சவர். சுத்தம் பண்ணித் தர்றீங்களா?"

கெமிக்கல் தெரிந்தவர் என்று ஒரு மனிதனைப் பார்த்துச் சொல்லக் கூடாது. அவன் எதற்கும் ஒப்புக்கொள்வான்.

"குடுத்து அனுப்புங்க அக்கா" என்றேன்.

"ஒண்ணு மட்டும் தம்பி. ஒரு தையல்கூடப் பிரியக் கூடாது. ஒண்ணு பிரிஞ்சிதுன்னா..." என்று நிறுத்தினார். மிச்சத்தை நான் கற்பனை செய்துகொள்ளட்டும் என்று விட்டதுபோல இருந்தது. எனக்குக் கற்பனை ஜாஸ்தி.

போனை வைத்ததும் ஸ்டெல்லா கேட்டாள். "உங்க கையால ஒரு கர்சீப் துவைச்சிருக்கீங்களா இதுவரைக்கும்?"

கிறிஸ்மஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று

அக்கா ஏன் தங்கையிடம் பேசாமல் என்னிடம் பேசினார் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

என் மாமியார் இறந்து முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும், வீட்டுச் சாமான்களைப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டார்கள். பாத்திரத்துக்குச் சண்டை இல்லை. நகை என்று பெரிதாக எதுவும் இல்லாததால் அதற்கும் இல்லை. எல்லாம் ஜெபக்கூட்டம் மாதிரி அமைதியாக நடந்துகொண்டிருந்தது. அக்கா அந்தப் போர்வையை மடித்துத் தன் பையில் வைத்தார்.

"அக்கா, அது எனக்கு" என்றாள் ஸ்டெல்லா. "அம்மா தச்சது அது ஒண்ணுதான். எனக்குக் குடு."

"குடுக்க முடியாது" என்றார் அக்கா.

காரணம் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் வீட்டுக்கு வந்த முதல் நாள் அந்தப் போர்வையில்தான் கிடத்துவார்கள். பிரின்சியைக் கிடத்தினார்கள், எங்கள் பையனைக் கிடத்தினார்கள். எங்கள் பையன் அதற்குச் செய்த மரியாதையை இங்கே விவரிக்க வேண்டாம்.

அன்றைக்குத் தொடங்கியது. பதினோரு வருஷம். கிறிஸ்மஸுக்கு ஒரு போன், ஈஸ்டருக்கு ஒரு போன். மற்ற நாட்களில் எதுவும் சொல்ல வேண்டுமானால் நான்தான் தபால்காரன். "உங்க அக்காவுக்கு பிரஷர் கம்மியாயிருக்குதாம்" என்பேன். "சந்தோஷம்" என்பாள் ஸ்டெல்லா, கடுகு தாளித்துக்கொண்டே. எண்ணெய் தெறிக்கும் சத்தத்தில் சந்தோஷம் எவ்வளவு என்று அளக்க முடியாது.

ஆக, அந்தப் போர்வை பதினோரு வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்குள் வந்ததே பெரிய விஷயம். பிரின்சியின் புருஷன் ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்தான். ஸ்டெல்லா அதைத் தொடவில்லை. அது இருந்த அறையில் அன்று மட்டும் நான்கு தடவை ஏதோ தேடினாள்.

படித்துவிட்டுத் துவைத்தேன்

புத்தகம் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் படிக்காமல் தொடமாட்டான். படித்த பிறகும் ஒழுங்காகத் தொடமாட்டான்.

பழைய துணிகளைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு வாரம் படித்தேன், வீடியோ பார்த்தேன். உலகம் முழுக்கப் பெண்கள் தங்கள் வீட்டுப் பழைய போர்வைகளைக் குளியல் தொட்டியில் ஊறவைத்துவிட்டு, அழுக்குத் தண்ணீரைப் பெருமையோடு படம்பிடித்துப் போடுகிறார்கள். தண்ணீர் எவ்வளவு கறுப்போ அவ்வளவு கைதட்டல். நாகரிகம் எங்கெங்கோ போய் இங்கேயும் வந்திருக்கிறது.

கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். முதலில் வலைத்துணி போர்த்தி, அதன் மேலேயே வாக்குவம் கிளீனரால் தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஈரப் பஞ்சால் ஒவ்வொரு நிறத்தையும் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். தேய்க்கக் கூடாது, முறுக்கக் கூடாது, பிழியவே கூடாது. போர்வைக்கு அடியில் ஒரு பெட்ஷீட்டை விரித்து, தூக்குவதானால் அதோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். ஈரமான பழந்துணி தன் எடையைத் தானே தாங்காது. என் வயதுக்காரர்களுக்கு இது புரியும்.

எல்லாம் செய்தேன். ஒவ்வொரு நிறத்தையும் ஒற்றிப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. தொழிற்சாலைப் பழக்கத்தில் தண்ணீரில் லிட்மஸ் காகிதம் நனைத்து அமிலம், காரம்கூடப் பார்த்தேன். முதல் தண்ணீர் காப்பி நிறத்தில் வந்ததும் எனக்குச் சொந்த ஊருக்குப் போன மாதிரி இருந்தது. தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறிய தொட்டி இதே நிறம்தான். வாசனைதான் வேறு. இது நாப்தலின், பழைய ரொட்டி, மழைக்காலத்துப் பெஞ்சு எல்லாம் கலந்த வாசனை.

அதற்குப் பிறகுதான் மூன்றாவது தண்ணீர்.

உள்ளே யார்?

ஸ்டெல்லா மாடிக்கு வந்து தொட்டி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் முறை அந்தப் போர்வையைத் தொட்டாள். தொட்டது கணக்கு டீச்சர்தான். மகள் தொட்டதாக நான் பார்க்கவில்லை.

"இங்க பாருங்க" என்றாள்.

வெள்ளைத் துண்டுகள் பழைய வேட்டித் துணி. ஈரத்தில் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. அதற்கு அடியில் கட்டம் தெரிந்தது. சிவப்பும் நீலமுமாக, குறுக்கும் நெடுக்குமாக. நிழல் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் எந்த நிழலுக்கும் சாயம் போகாது.

"உள்ள பஞ்சு இல்ல. வேற ஏதோ இருக்குது" என்றேன்.

"அம்மா பஞ்சுன்னுதான் சொன்னாங்க."

"உங்கம்மா கேக்குல முட்டை போடலேன்னும் சொன்னாங்க."

எங்களுக்குத் தெரிந்தவர்களில் போர்வை விஷயம் தெரிந்தவர் சலீம் பாய் ஒருவர்தான். ஆம்பூரில் என்னோடு இருந்தவர், இன்றைக்கும் தோஸ்த். போன் செய்து நிலவரம் சொன்னேன்.

"இதுல இன்னாப்பா இருக்குது? எங்க வீட்ல ரஜாய்ப் போர்வை கிழிஞ்சிதுன்னா தூக்கிப் போடமாட்டாங்க. மேல புதுத் துணி வெச்சு மூடித் தச்சுருவாங்க. குளிருக்கும் ஆச்சு, பழசும் பத்திரமா ஆச்சு. உள்ள ஒரு போர்வை இருக்கும். பிரிச்சுப் பாரு."

"பிரிச்சா நான் இந்த வீட்ல இருக்க முடியாது பாய்."

"அப்ப பாக்காத. விடு."

பார்க்காதே என்று சொல்வது எளிது. சலீம் பாய் சொல்லிவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போய்விட்டார். நான் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு போர்வைக்குள் இன்னொரு போர்வை. யார் தைத்தது? ஏன் மூடினார்கள்? அதற்குள்ளும் இன்னொன்று இருக்குமா? ஆறு தண்ணீர் மாற்றினேன். சிவப்பு வெளுத்து வெளுத்துக் கடைசியில் நின்றது. ஒரு வெள்ளைத் துண்டில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ரோஜா நிறம் தங்கிவிட்டது. கேள்வி வெளுக்கவில்லை.

இழுப்பு

இப்போது நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். வேறு யாரும் இதைச் செய்திருக்க முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போர்வையை நிழலில் படுக்கவைத்துக் காயப்போட்டேன். பாதி காய்ந்ததும் பார்த்தால் ஒரு பக்கம் சுருங்கி, இன்னொரு பக்கம் அலை அலையாக நின்றது. நாலு மூலையில் ஒரு மூலை ஊருக்குப் போயிருந்தது. ஃபினிஷிங்காரனுக்கு அது கண்ணில் விழுந்த தூசி.

தோல் தொழிலில் இதற்கு வழி உண்டு. தோலை எடை போட்டு விற்பதில்லை, பரப்பளந்து விற்பார்கள். ஈரம் முழுக்கப் போகுமுன் ஓட்டை போட்ட இரும்புச் சட்டத்தில் விரித்து, சுற்றிலும் கிளிப் மாட்டி, நாலு பக்கமும் இழுத்துக் காயவைப்போம். டாகிள் போடுவது என்று பேர். இழுத்தால் சுருக்கம் போகும், பரப்பும் கூடும். பாதி ஈரத்தில் ஒன்று சுருங்கிக் கிடந்தால் அதை இழுக்காமல் தாண்டிப்போவது எங்கள் தொழிலில் பாவம்.

தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ஒரு சட்டம் எங்கள் மாடியில் இருக்கிறது, கிளிப்களோடு. ஸ்டெல்லா அதில் வடகம் காயவைப்பாள்.

போர்வையை ஏற்றினேன். ஒரு பக்கம் கிளிப் மாட்டினேன். மறுபக்கம் மாட்டி இழுத்தேன். அழகாக வந்தது. அலை மறைந்தது, மூலை ஊரிலிருந்து திரும்பியது. இன்னும் ஒரு விரற்கடை இழுத்தால் கச்சிதம் என்று தோன்றியது.

டப்.

சின்னச் சத்தம். பிறகு டப் டப் டப் என்று ஓரத் தையல் நெடுக, சோளம் பொரிகிற மாதிரி. நான் கிளிப்பை விடுவிப்பதற்குள் ஒரு முழு நீளப் பக்கமும் வாய் பிளந்துவிட்டது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. நூல்தான் இற்றுப்போயிருந்தது. துணியை ஒற்றிப் பார்த்த நான் நூலைச் சோதிக்கவில்லை. தோலில் நூல் கிடையாது.

அந்தக் கடைசி விரற்கடையை இழுக்கும்போது என் மனசில் வேறு எண்ணமே இல்லை என்று பைபிளில் கைவைத்துச் சொல்லமாட்டேன்.

ஸ்டெல்லாவுக்கு நிஜமான கோபம் வந்தால் சத்தம் வராது. விடைத்தாள் திருத்துவாள். மாடிக்கு வந்தாள், பார்த்தாள், கீழே இறங்கிப் போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தபோது ஒன்பதாம் வகுப்பில் பாதிப்பேர் ஃபெயிலாகியிருந்தார்கள்.

"தெரியாம ஆயிடுச்சு" என்றேன்.

"பதினோரு வருஷம் கழிச்சு இப்பதான் என் வீட்டுக்கு ஒரு சாமான் அனுப்பியிருக்கா" என்றாள், தலை நிமிராமல். "அவ வாயால உங்ககிட்ட கேட்டு அனுப்பியிருக்கா. பிரின்சி கொழந்தையப் பாக்க இனிமே நாம மூணாம் மனுசங்க மாதிரி ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கணும். அவ்ளோதான். போங்க, சாப்பிடுங்க."

சாப்பிடு என்று சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வழி தப்பிய எறும்புகள்

கெட்ட காரியம் நடந்த இடத்தில் ஒரு நல்லது: இனிமேல் பார்க்கலாம்.

பிளந்த வாய்க்குள் கையை விட்டு மெதுவாக விரித்தேன். உள்ளே ஒரு போர்வை. சலீம் பாய் சொன்ன மாதிரியே. குடியாத்தம் லுங்கித் துண்டுகள், சிவப்புக் கட்டம், நீலக் கட்டம். எழுத்து பாதி அழிந்த மாவு மூட்டைத் துணி. காக்கி நிஜார் ஒன்றின் பாக்கெட் அப்படியே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. உள்ளே விரல் விட்டால் பாக்கெட்தான், வேலை செய்தது.

தையல்தான் வேடிக்கை. என் மாமியார் தையல் சீரகம் மாதிரி இருக்கும், ஒரே அளவு, ஒரே வரிசை. இது வழி தப்பிய எறும்புக் கூட்டம். ஒன்று பெரியது, ஒன்று சின்னது, நடுவில் நாலு சும்மா சுற்றிப் பார்க்கப் போயிருக்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாம் ஒற்றுமை. எல்லாத் தையலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அந்தப் பக்கம் ஏதோ தப்பாக இருந்தது. என்ன தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை.

பின்னால் ஸ்டெல்லா நின்றிருந்தாள். சிவப்புப் பேனா கையில்.

"இது அம்மா தையல் இல்ல" என்றாள்.

"அதான் நானும் பாக்கறேன். ஏன் இப்பிடிச் சாய்ஞ்சிருக்குது?"

பேனாவை வைத்துவிட்டு ஊசி எடுத்து வந்தாள். ஒரு பழைய துணியில் நாலு தையல் போட்டாள். எதிர்ப் பக்கம் சாய்ந்தது. கொஞ்சம் யோசித்து, ஊசியை இடது கைக்கு மாற்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு நாலு போட்டாள். கோணல் மாணலாக வந்தது. ஆனால் அதே சாய்வு.

"இடது கை" என்றாள்.

எங்களுக்குத் தெரிந்த இடதுகைக்காரர் ஒரே ஒருவர். அவர் மறுநாள் காலை ரயிலில் வருகிறார். பிரின்சியை அன்று மத்தியானமே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

"இப்பவே மூடித் தச்சுரலாம்" என்றேன். "நீ நல்லா தைப்ப. ஒண்ணும் தெரியாது."

ஸ்டெல்லா ஊசியில் நூல் கோத்தாள். முதல் தையலுக்குத் துணியை மடித்தவள், அப்படியே கொஞ்ச நேரம் உள்ளே இருந்த சிவப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசியைத் துணியில் குத்திவைத்தாள்.

"வேணாம். அவ பாக்கட்டும்."

"அவங்க என்னையும் பாப்பாங்களே."

"பாக்கட்டும்."

காலை ரயில்

ரோஸ்லின் அக்கா காட்பாடியில் இறங்கி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "டாக்டரம்மா சாயந்தரம் ஆகும்னுட்டாங்க, அது வரைக்கும் அவ மாமியாரு பாத்துக்கறாங்க" என்று என்னிடம் சொன்னார். ஸ்டெல்லாவிடம் "நல்லா இருக்கியா" என்றார். ஸ்டெல்லா "இருக்கேன்" என்றாள். அந்த வருஷத்து ஈஸ்டர் போனும் இதே நீளம்தான்.

போர்வை முன்னறைக் கட்டிலில் விரித்திருந்தது. வாய் பிளந்தபடி.

அக்கா பார்த்தார். கைப்பை தோளிலேயே இருந்தது. நான் இரவெல்லாம் தயார் செய்து வைத்திருந்த விளக்கம், இற்றுப்போன நூல், துணியின் இழுவிசை, பாதி ஈரம், எல்லாம் இரண்டு வார்த்தையாகச் சுருங்கிவிட்டது.

"அக்கா, நான்தான்..."

"இருங்க தம்பி."

கட்டிலில் உட்கார்ந்தார். பிளவுக்குள் இடது கையை விட்டார். கண் எங்கோ ஜன்னலைப் பார்த்தது, கை மட்டும் உள்ளே போய் ஒரு இடத்தில் நின்றது. தேடவே இல்லை. நேரே அங்கே போயிற்று. காக்கிப் பாக்கெட்.

"இருக்குது" என்றார்.

"உனக்குத் தெரியுமா உள்ள இருக்கறது?" என்றாள் ஸ்டெல்லா.

"நான் தச்சது எனக்குத் தெரியாதா?"

பிறகு அக்கா சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், பழக்கதோஷம். அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அவர் அம்மா மறுபடி உண்டாகியிருந்தாராம். வரப்போகும் பாப்பாவுக்குத் தானே ஒரு போர்வை தைக்க வேண்டும் என்று ஆசை. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் இடது கையால் ஊசி பிடித்தால் ஸ்கேலால் அடி. அதனால் வீட்டில் ஒளிந்து ஒளிந்து தைத்தார். துணி போதவில்லை. அப்பாவின் புது லுங்கி கண்ணில் பட்டது.

"அப்பா ரெண்டு நாள் அந்த லுங்கியத் தேடினாரு தம்பி. குடுக்கவே இல்லியோன்னு தறிக்காரன் மேல சந்தேகப்பட்டாரு, கொடியில போட்டத எடுத்தாங்கன்னு பக்கத்து வீட்டு மேல சந்தேகப்பட்டாரு. கட்டிலுக்கு அடியில தேடினாரு. நான் அந்தக் கட்டில் மேல உக்காந்து தச்சுக்கிட்டு இருந்தேன்."

பாப்பா பிறந்தது. அதில்தான் கிடத்தினார்கள். ஒரு வருஷம் அதில்தான் புரண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போர்வையைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் அம்மாவே இரண்டு பக்கமும் நல்ல துணி வைத்து, சீரகத் தையல் போட்டு மூடிவிட்டார். எல்லாரும் அதை அம்மா தைத்த போர்வை என்றார்கள். அம்மாவும் மறுக்கவில்லை.

"அந்தப் பாப்பா நான்" என்றாள் ஸ்டெல்லா. கணக்கு அவளுக்குச் சீக்கிரம் வரும்.

"பின்ன யாரு?"

"அப்ப எனக்காகத்தான தச்ச. கேட்டப்ப ஏன் குடுக்கல?"

அக்கா இப்போதுதான் அவளைப் பார்த்தார். "நீ இன்னா கேட்ட? 'அம்மா தச்சது, எனக்குக் குடு.' அத்தனை பேர் முன்னால. அம்மா தச்சது, அம்மா தச்சதுன்னு. நான் தச்சதுன்னு ஒரு தடவ கேட்டிருந்தா அங்கியே குடுத்திருப்பேன்."

"உள்ள மூடி வெச்சிருக்கறத நான் எப்பிடிக் கேப்பேன்?"

"அது இன்னாவோ. எனக்குக் கோவம் வந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சிரிப்ப. எல்லாரும் சிரிச்சாங்க."

ஸ்டெல்லா எறும்புத் தையலைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, வேறெதையாவதா என்று நான் பக்கத்தில் இருந்தும் சொல்ல முடியவில்லை.

"சிரிக்கிற மாதிரிதான் இருக்குது" என்றாள்.

"இருக்கும். பன்னண்டு வயசு. இடது கையி" என்றார் அக்கா. அப்புறம் அவரே முதலில் சிரித்தார்.

இரண்டு முனை

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் தொழில் விடவில்லை. தடித்த தோலை இயந்திரத்தில் கொடுத்து, மேல் தோல் வேறு அடித் தோல் வேறாகப் பிளந்து எடுப்போம். ஒரு தோல் இரண்டாகும். அதை விளக்கி, "வெளிப் போர்வை ஸ்டெல்லாவுக்கு, உள் போர்வை அக்காவுக்கு. பிரச்சினை முடிஞ்சுது" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தங்கை என்று அன்றைக்குத்தான் முகத்தில் தெரிந்தது.

"அந்த மிசின்ல மேல இருக்கறதுக்குத்தான மதிப்பு ஜாஸ்தி?" என்று கேட்டார் அக்கா.

"ஆமாம்."

"அடித் தோலு?"

"கையுறைக்குப் போகும். மட்ட ரகம்..." என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"இழுத்துக் கிழிச்சது போதாதுன்னு பொளக்கவும் வர்றாரு பாருடி" என்றார் அக்கா.

"இவரு அப்பிடித்தான்க்கா. எதையாவது பாத்தா பரப்பக் கூட்டணும்" என்றாள் ஸ்டெல்லா.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் முதலில் ஒத்துப்போன விஷயம் நான். எனக்குக் கிடைத்த எல்லாப் பாராட்டுகளையும்விட அதை உயர்வாக வைத்திருக்கிறேன்.

மத்தியானம் தைக்க உட்கார்ந்தார்கள். தைத்தே ஆக வேண்டும், குழந்தை காத்திராது. புது நூல், இந்தத் தடவை இழுத்துப் பார்த்த நூல். அக்கா இடது கையால் ஒரு முனையிலிருந்து, ஸ்டெல்லா வலது கையால் மறு முனையிலிருந்து. ஒருத்தர் கை இன்னொருத்தரை இடிக்கவில்லை. பேச்சு முதலில் ஊசி, நூல் என்று இருந்தது. பிறகு முருங்கைக்காய் விலை. பிறகு அம்மாவின் கேக். "முட்ட போட்டாங்கடி, நான் பாத்தேன்" என்றார் அக்கா. பிறகு பதினோரு வருஷத்தில் யார் யாருக்கு என்னென்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாக. பாதி நான் தபால் கொடுத்த செய்திகள்தான். என் வழியாகக் கேட்டதை எல்லாம் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார்கள். நான் எவ்வளவு மோசமான தபால்காரன் என்று தெரிந்தது.

ஜன்னல் வெயில் கட்டில் காலுக்கு இறங்கியபோது நடுவில் நாலு விரல் அகலம்தான் பாக்கி. அப்போது போன் அடித்தது. பிரின்சியின் புருஷன். அக்கா எடுத்தார். கேட்டார். "சரிப்பா, சரிப்பா" என்றார்.

"பொண்ணு" என்றார் எங்களிடம். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

ஸ்டெல்லா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். மறுபடி உட்கார்ந்து ஊசியை எடுத்தாள். ஒரு தையல் போட்டாள். நிமிராமல் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியிலருந்து விட்டதும் பிரின்சிய அரக்கோணத்துக்குத்தான கூட்டிட்டுப் போவ?"

தாய்வீட்டுக்குப் போவதுதானே முறை. அவள் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. போர்வை மறுபடி அரக்கோணத்துக்கே போய்விடுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அக்கா நூலைப் பல்லால் கடித்தார். "பச்ச ஒடம்புக்காரிய ரயில்ல வெச்சுக் குலுக்கிக்கிட்டு எதுக்குடி? ஆஸ்பத்திரியிலருந்து இங்க ஆட்டோல இருவது நிமிசம். கொழந்த இங்கதான் வரும். முப்பது நாள் இருக்கட்டும். நானும் இருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்தக் கட்டில் எங்களுக்கு வேணும். நீங்க எங்க படுப்பீங்க?"

பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை. போர்வைக்காரிகள் இருவரும் மறுபடி தையலுக்குக் குனிந்துவிட்டார்கள். ஒரு ஊசி இடமிருந்து, ஒரு ஊசி வலமிருந்து. நான் என் தலையணையை எடுத்துக்கொண்டு இடம் தேடிக் கிளம்பினேன்.